இருந்து சாப்பிட முடியாத சோளப்பொத்தி

போன வருடம் கோடை முடிகிற நேரம், ரொறன்ரோவில் டோர்செட் பார்க் பக்கம் நாங்கள் நடத்திய சின்ன உணவகத்தை மூடிய நாளில் நடந்தது இது.

என் கணவர் கனடா வந்த நாள் முதல் ஒரு மெக்சிக்கன் உணவகத்தின் குசினியில் வேலை செய்தவர். கூட வேலை செய்த ஒருவர் தன் நாட்டுத் தெருக்களில் விற்கிற சோளப்பொத்தியைச் சுடப் பழக்கினார். நெருப்பில் வாட்டி, மயோனைஸ் பூசி, சீஸும் மிளகாய்த்தூளும் தூவி, தேசிக்காய்ப் புளி விட்டுக் கடித்தால் வேறொன்றும் வேண்டாம். முதலாளி மட்டும் அதை மெனுவில் சேர்க்கவே மாட்டாராம். அந்த மனிசனுக்கு வியாபாரம் தெரியாது என்று சிரித்துவிட்டு, இவர் வேலையை விட்டுக் கடை திறந்தார்.

எங்கள் சனத்துக்குப் பிடிக்கட்டும் என்று வெள்ளை விரிப்பு, முள்ளுக்கரண்டி என்று கலியாண மண்டபம் போலச் சோடித்தோம். பட்டுச்சேலையோடு வந்தவர்களுக்குப் பொத்தியைக் கடிக்க வெட்கம். கத்தியால் அரிந்தால் மணிகள் மேசையெல்லாம் ஓடும். படமெடுத்து முடிவதற்குள் ஆறிப்போகும், சீஸ் மெழுகாகிவிடும். வெள்ளிக்கிழமையென்றால் மயோனைஸில் முட்டை என்று தொடவே மாட்டார்கள். ஒரு அன்ரி சொல்லியே விட்டார்.

“தம்பி, உது ரோட்டில நிண்டு சாப்பிடுற சாமான். இருந்து சாப்பிடக் கொத்துரொட்டி போடுமன்.”

கடைசி நாள் காலை சாவியைக் கொடுத்துவிட்டோம். மிஞ்சிய சோளத்தை எறிய மனமில்லாமல், இவர் வீட்டுக் கரியடுப்பைக் கொண்டுவந்து கடையின் பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சுடத் தொடங்கினார். வாசனைக்குப் பஸ்ஸுக்கு நின்றவர்கள், அடுக்குமாடிச் சனம் எல்லாம் வந்துவிட்டார்கள். கடைக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர்கள். நின்றபடி, வாயெல்லாம் சீஸ் அப்பக் கடித்துச் சாப்பிட்டார்கள்.

ஒரு பிள்ளை கேட்டாள், “அங்கிள், நாளைக்கும் நிப்பீங்களா?”

“ஓம் பிள்ளை, வாங்கோ” என்றார் இவர்.

தெருவில் விற்க அனுமதி எடுப்பது இங்கே இலேசில்லை. எடுத்தாலும் திரும்பத் தொடங்க எங்களிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

இப்போது இவர் பக்கத்து மார்க்கம் நகரில் இன்னொருவருடைய குசினியில் வெங்காயம் வெட்டுகிறார். கைப்பக்குவம் தோற்கவில்லையே, அதை நினைத்து ஆறுதல்படுங்கோ என்கிறார்கள் தெரிந்தவர்கள். எல்லாம் போன பிறகு, அது தோற்கவில்லை என்பதைக் கண்ணால் கண்டதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாமல் இருக்கிறது.