கடை மாமாவுக்குப் பிடித்த கடத்தல்காரன்

இன்று பள்ளிக்கூடம் முடிந்து, கறிவேப்பிலை வாங்க எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருக்கும் தமிழ்க் கடைக்குப் போனேன்.

கடை மாமா ஓர் அண்ணாவுக்கு டிவிடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். லண்டன் போதைப்பொருள் கும்பலைப் பற்றிய ஆங்கிலப் படம்.

"கட்டாயம் பாரும் தம்பி. தூள் விக்கிறவன் எண்டாலும் என்ன மரியாதையான ஆள்! கோட் சூட்டோட பாங்க் மனேஜர் மாதிரி."

அப்போதுதான் என்னைக் கண்டார். சிரிப்பு நின்றுவிட்டது. தூள் விற்றதற்காகத்தான் என் அண்ணா ஆறு மாதமாகச் சிறையில் இருக்கிறான்.

கறிவேப்பிலைப் பைக்குள்ளேயே மகளின் கலியாண அழைப்பிதழையும் போட்டார்.

"அம்மாட்டைக் குடு பிள்ளை. வீட்டை வந்து சொல்ல நேரமில்லை."

நேற்று எங்களுக்கு மேல்மாடியில் இருப்பவர்களின் வீட்டுக்கு அவரும் மாமியும் குங்குமச் சிமிழோடு வந்து, அழைப்பிதழ் கொடுத்துவிட்டுப் போனார்கள். படியில் அவர்கள் குரல் கேட்டதும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருந்தார். எங்கள் கதவை அவர்கள் தட்டவில்லை.

இன்று அழைப்பிதழை வாசித்துவிட்டு, "சாமான் பையில வந்த கலியாணத்துக்கு நான் போகமாட்டன்" என்றார்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்த மரியாதையான ஆளின் அம்மாவுக்கு லண்டனில் எல்லோரும் வீடு தேடிப் போய்த்தான் கலியாணம் சொல்கிறார்களா?