ஹெல்மெட்டில் எலுமிச்சம்பழம்

நாளை முதன்முறையாகத் தனியே பாராசூட்டில் குதிக்கிறேன். கேமரா பொருத்திய ஹெல்மெட்டை எடுத்தால், புது ஆட்டோவுக்குக் கட்டுவதுபோல எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. அம்மா இறம்பொடை கோயிலில் பூசை வைத்துக் கொண்டு வந்திருக்கிறார்.

"அம்மா, தொங்குற எதுவும் பாராசூட் கயித்துல மாட்டிக்கும். கழுத்து போயிரும்."

"சாமி கயிறு எப்படிடி மாட்டும்? ஊரு கண்ணெல்லாம் ஒன் மேலதான்."

கெஞ்சினேன், கத்தினேன், பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். கடைசியில் முணுமுணுத்தபடி அவரே அவிழ்த்தார்.

"அப்போ உச்சந்தலையில நிக்கிற இந்தக் கேமரா மட்டும் மாட்டாதா?"

மாட்டும். புதியவர்கள் கேமரா வைக்கவே கூடாது என்றும் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அதை மட்டும் நான் ஒப்பிக்கவில்லை.

கேமரா இப்போது அம்மாவின் அலுமாரியில், பூட்டோடு. வீடியோ கேட்ட தோழிகள் தயவுசெய்து அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்.