கலைவாணி கடலில் இறக்கிய தகடு

செய்தி வந்தபோது ஆய்வகத்தில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. பம்பை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். எண்ணூர் விரைவுச் சாலை. கன்டெய்னர் லாரி. கலைவாணி. நீரோட்டத்தைச் சோதிக்கும் கண்ணாடிக் கால்வாயில் தண்ணீர் அடங்க நேரம் எடுத்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

துறையில் அவளோடு பழகிய உங்களுக்காக எழுதுகிறேன். நமக்குள் மட்டும் கைமாறும் தாள் என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

அவள் காசிமேட்டுக்காரி. அப்பா தேசப்பனுக்குச் சொந்தப் படகு. படகின் அடியில் சிப்பி ஒட்டினால் டீசல் அதிகம் குடிக்கும் என்பது அந்த வீட்டில் சாப்பிடும்போது பேசுகிற பேச்சு. அதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். சொரசொரப்பான பரப்பை ஒட்டி ஓடும் நீர் எப்படிக் குழம்புகிறது? கருத்தரங்கில் நாம் ‘கொந்தளிப்பு ஓட்டம்’ என்போம். அவள் படத்தில் சுவரை ஒட்டிய மெல்லிய பகுதியைத் தொட்டு, “இங்கதான் பேஜாரே” என்பாள். “வழவழன்னு இருந்தா தண்ணி பாட்டுக்குப் போய்கினே இருக்கும். சொரசொரன்னு கீற எடத்துலதான் வாயத் தொறக்கும்.”

தகட்டில் உப்புத்தாள் ஒட்டிச் சோதித்தால் போதும் என்பது பேராசிரியரின் கருத்து. தாளின் மணல்மணிகள் சீராக இருக்கும். உயரம் தெரியும். கணக்கு வரும். கலைவாணி ஒத்துக்கொள்ளவில்லை. சிப்பி சீராக வளராது, கும்பல் கும்பலாக வளரும், ஒவ்வொரு கும்பலுக்குப் பின்னாலும் நீர் ஒதுங்கித் தேங்கும், சராசரி உயரத்தை வைத்து அதைப் பிடிக்க முடியாது என்றாள். “படகுக்கு அடியில யாரு சார் உப்புத்தாள் ஒட்னாங்க?” அவரே சிரித்துவிட்டார். ஒரே ஒரு தகட்டைக் கொண்டுவந்து காட்டு, பார்க்கலாம் என்றார்.

சாத்தாங்காட்டில் இரும்புத் தகடு வாங்கினோம். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மா, “இன்னாம்மா, தோசக்கல்லா?” என்று கேட்டார். “ஆமாக்கா, பெரிய குடும்பம்” என்றாள். அப்பாவின் படகைக் கட்டி நிறுத்தும் இடத்தில், சிப்பி வளரட்டும் என்று கயிறு கட்டிக் கடலில் இறக்கினாள். அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“பாத்துக்கோ நைனா.”

காரியம் முடிந்த பிறகு தகட்டை வாங்கி வரப் போனேன். அவளுடைய வாதம் முழுவதும் அதன்மேல்தான் வளர்ந்திருந்தது. கால்வாயில் வைத்து அளந்துவிட்டால் அவள் பெயரில் கட்டுரை வந்துவிடும். அவளுக்காகச் செய்ய அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

தேசப்பன் வீட்டுக்குள் போய், வெள்ளை வேட்டியில் சுற்றிய ஒன்றைத் தூக்கி வந்தார். பிரித்தார்.

தகடு பளபளத்தது. ஒரு சிப்பிகூட இல்லை. எண்ணெய் தடவியிருந்தார். அவர் விரல்களில் கீறல்கள்.

“ஒரே சிப்பியா கெடந்துச்சு தம்பி. எம்பொண்ணு பொருளு. கலீஜா எப்டிக் குடுக்கறது?”

பாத்துக்கோ. நம் ஆய்வகத்தில் அதற்குத் தொடாதே என்று பொருள். படகு வைத்திருப்பவருக்குச் சுரண்டு என்று பொருள். இரண்டு இடத்திலும் வாழ்ந்தவள் அவள் ஒருத்திதான். விளக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா கீதா தம்பி?”

“நல்லா இருக்குப்பா” என்றேன்.

கால்வாயில் அவள் ஒருமுறை எனக்குக் காட்டினாள். சொரசொரப்பு முடிந்து வழவழப்பு தொடங்கியதும் அடியில் ஓடும் நீர் சீக்கிரம் மாறிவிடுகிறது. மேலே ஓடும் நீர் மாறுவதில்லை. கடந்து வந்ததை வெகுதூரம் சுமந்துகொண்டு போகிறது.

எண்ணூரில் வேறொரு தகட்டை இறக்கியிருக்கிறோம். அதில் அவள் சொன்னது நிரூபணமாகலாம். ஆகாமலும் போகலாம். அது அவள் இறக்கியதல்ல.

அவள் இறக்கியது என் மேசையில் இருக்கிறது. எண்ணெயைத் துடைக்கவில்லை. விரலால் தடவினால் சிப்பி பற்றியிருந்த வட்டங்கள் தட்டுப்படுகின்றன. கால்வாயில் வைத்தால் நீரின் வேகத்தில் அவை தெரிவதில்லை. முயன்று பார்த்துவிட்டேன்.

காசிமேட்டுக்குப் போனால் தேசப்பனைப் பாருங்கள். தகட்டைப் பற்றிக் கேட்பார். ரொம்ப உதவியாக இருந்தது என்று சொல்லுங்கள்.