கொடிக்கு இட்ட மருந்து

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டம் இரு பருவங்களாகக் காய்ப்புக் குன்றியிருந்தது. ஒருமுறை நட்டால் நெடுங்காலம் நிற்கும் கொடிகளை அகற்றத் தந்தைக்கு மனம் வரவில்லை. பெரியப்பாவோ, அனைத்தையும் தோண்டியெறிந்து வாழை வைக்குமாறு வற்புறுத்தினார். முடிவில் உடன்பாடொன்று ஏற்பட்டது. ஓரத்து வரிசையின் சில கொடிகளை முழங்கால் உயரத்தில் அறுத்து நீர் பாய்ச்ச வேண்டியது. அறுத்த வாயில் நீர் கசிந்தால் வேருக்கு உயிருண்டு, தோட்டம் பிழைக்கும். கசியாவிடில் மண்வெட்டிதான்.

ஏழு வயதுச் சிறுமியாகிய எனக்கு இதனை எவரும் சொல்லவில்லை. நண்பகலில் பெரியவர்கள் உணவருந்தச் சென்றபோது, அறுபட்ட கொடிகள் சொட்டுச் சொட்டாக வடிப்பதைக் கண்டு பதறினேன். வாய்க்காலில் களிமண் எடுத்துக் குழைத்து, ஒவ்வொரு புண்ணையும் அழுந்த மூடினேன். வெயிலில் அது பட்டையின் நிறத்திலேயே காய்ந்துவிட்டது.

பிற்பகலில் பெரியப்பா வரிசையைப் பார்த்தபடி நடந்தார்.

"பாத்தியாடா தம்பி? பொட்டுத் தண்ணி இல்ல."

"இன்னுங் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க உங்க அண்ணன," என்றார் அம்மா, தந்தையிடம்.

"எதுக்குத்தா பொறுக்கணும்? செத்தது எந்திரிச்சா வரப்போகுது?"

பெரியப்பா மண்வெட்டியை ஓங்கியதும் நான் குறுக்கே பாய்ந்தேன்.

"வெட்டாதீக பெரியப்பா! ரத்தமா ஊத்துச்சு, நாந்தான் மண்ணு வச்சு நிப்பாட்டுனேன். இனிச் சாகாது!"

தந்தை குனிந்து நகத்தால் களிமண்ணைப் பெயர்த்தார். உள்ளே தேங்கியிருந்த நீர் அவர் விரல்வழியே வழிந்தது.

"நல்ல வைத்தியச்சிடா உம் மக! பொழச்சதக் கொல்லப் பாத்துட்டாளே!" என்றார் பெரியப்பா. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். புண்ணைத் திறந்துவிட்டு மகிழும் இவர்களுக்கு இரக்கமே இல்லையென எண்ணி நான் அழுதேன்.

மறுநாள் காலையில், வாதில் தோற்றவரான பெரியப்பா உரத்துக்காக ஒரு வண்டி கொழிஞ்சித் தழையோடு வந்து, அறுபட்ட கொடிகளின் தூரில் தம் கையாலேயே பரப்பினார். கொல்ல வந்தவர் தழை சுமந்து வருவானேன் என்பது எனக்கு விளங்கவில்லை. பாகம் பிரிவதற்கு முன், இளைஞராயிருந்த காலத்தில் அக்கொடிகளை நட்டவர் அவரே என்பதை எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.