எல்லாம் வரும் பெட்டி

தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் அன்று காலை மட்டும் நாற்பத்தொரு பேருக்கு ஊசி குத்தியிருந்தாள். நரம்பு கிடைக்காத ஒருவர் திட்டினார். ஊசியைக் கண்டதும் மயங்கிச் சரிந்த ஒருவரைத் தாங்கியதில் தோள்பட்டை கடுத்தது. எதுவும் உறைக்கவில்லை. பதினோரு மணிக்குப் பந்தயம்.

ஞாயிறுதோறும் இணையத்தில் கூடும் இருபது பேரின் கார் பந்தயம் அது. இன்று கடைசிச் சுற்று. ஒன்பது வாரம் ஓட்டிப் புள்ளிக் கணக்கில் மூன்றாவதாக நிற்கிறாள், ஜெயித்தால் கோப்பை. கோப்பை என்றால் திரையில் ஒரு படம், அவ்வளவுதான். ஆனாலும், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதைத் தவிர அவளைப் பற்றிச் சொல்ல யாரிடமும் வேறொன்றும் இருந்ததில்லை. அந்தப் பட்டம்கூட அப்பாவின் ஆசை. இது ஒன்றுதான் அவளுடையது.

வீட்டுக்குள் நுழையும்போது மணி பத்து நாற்பது. டிவியோடு மாட்டியிருந்த அவளுடைய விளையாட்டுப் பெட்டியில், கேம் கன்சோலில், அப்பா பழைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பதினோரு மணிக்குப் பந்தயம்னு நேத்தே சொன்னேன்ல?"

"சொன்ன, சொன்ன. இந்தா, பிடி."

கன்ட்ரோலரைக் கையில் வாங்கிப் படத்தை நிறுத்தினாள். முகப்பில் முதல் வரிசை முழுக்கப் படங்கள். அடுத்தது பாட்டு. அதற்கும் கீழே ஏதோ சந்தா கட்டச் சொல்லி ஒரு விளம்பரம். போன வாரம் வந்த அப்டேட்டின் கைங்கரியம். விளையாட்டுகள் எங்கோ அடியில், வேண்டாத விருந்தாளி மாதிரி ஒதுங்கிக் கிடந்தன. அங்கேயும் அவளுடையது இல்லை.

"அந்தக் கார் கேம் எங்கப்பா?"

"அதுவா? இடம் பத்தலை, எதையாவது எடுக்கவான்னு இதுவே கேட்டுச்சு. இருக்கிறதுலயே அதுதான் பெருசா அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. எடுத்துட்டேன்." அப்பாவின் குரலில் பெருமை. "அப்புறம் பாரு, பதிமூணு படம் மளமளன்னு இறங்கிடுச்சு!"

மறுபடி இறக்கும் பொத்தானை அழுத்தினாள். ஐந்து மணி நாற்பது நிமிடம் ஆகும் என்றது.

"உங்களை யாரு அதுல கை வைக்கச் சொன்னா?" அவள் போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஒரு விளையாட்டுக்கா இந்தக் கத்து கத்துற? படிச்ச பொண்ணு மாதிரியா இருக்கு?"

"படிச்சவ விளையாடக் கூடாதா?"

"விளையாடு, யாரு வேணாங்கிறா? அப்பா மேல ஏன் பாயுற?"

அப்பாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. "இதை வாங்கும்போது கடையில நீதானேம்மா சொன்ன? படம் வரும், பாட்டு வரும், வீட்டுக்கு எல்லாம் வரும்னு?"

சொன்னாள்தான். சம்பாதித்தது அவள், ஆசை அவளுடையது. 'எனக்கு விளையாட வேணும்' என்று மூன்று வார்த்தை சொல்லக் கூசி, வீட்டுக்காக வாங்குவது போல வேஷம் கட்டினாள். அவள் ஏன் கூச வேண்டும்? அப்பா சீட்டாடக் கிளம்பும்போது யாரிடமாவது காரணம் சொல்கிறாரா?

அதைவிட ஆத்திரம் அந்தக் கம்பெனிக்காரன்மேல்தான் வந்தது. இவளுக்காவது வீட்டாரிடம் பயம். அவனுக்கு என்ன கேடு? விளையாட்டுப் பெட்டி செய்தோம் என்று நிமிர்ந்து சொல்லத் துப்பில்லாமல், படம், பாட்டு, கடை என்று கண்டதையும் அதற்குள் திணித்திருக்கிறான். விளையாட மட்டும் ஆகும் என்றிருந்தால் அது அவளுடையதாகவே இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் ஆகும் என்றதும் எல்லாருடையதும் ஆகிவிட்டது. யாருக்கோ இடம் பத்தவில்லை என்றதும் முதலில் வெளியே போனது அவள்.

போனில் குழுவுக்கு எழுதினாள்: 'என்னால வர முடியல.' காரணம் எழுத ஆரம்பித்து அழித்தாள். எதை எழுதினாலும் சிரிப்பார்கள்.

பதினோரு மணிக்கு அப்பா சமாதானமாக எதையோ தேடிப் பிடித்தார். "ஏம்மா, இதானே உன் பந்தயம்? நேரடியாவே காட்டுறான் பாரு! வா, உக்காந்து பார்ப்போம்."

விளையாட விடாத பெட்டி, மற்றவர்கள் விளையாடுவதைப் பளிச்சென்று காட்டியது. புள்ளிக் கணக்குப்படி கார்கள் வரிசையில் நின்றன. அவளுடைய மூன்றாவது இடம் வெறுமையாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் பின்னாலிருந்த மஞ்சள் கார் அந்த இடைவெளியில் நுழைந்து சீறியது.

"அடேயப்பா! என்னமா பூந்துட்டான்!" என்றார் அப்பா.

"ஆளில்லாத இடத்துல எவன் வேணாலும் பூந்துடுவான்," என்றாள் அவள்.