காலண்டரில் மாட்டுக்கு இருந்த இடம்

ஒன்றரை மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் ஒரு டிபன் பாக்ஸ் பறந்தது. எலுமிச்சை சாதத்தோடு.

அப்போதே ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எறிந்தவள் அனுமதி தரவில்லை. நேற்றுதான் தந்தாள். அதுவும் ஒரு நிபந்தனையோடு – "எழுதிக்கம்மா. ஆனா மாட்டை விட்டுடாத."

மாடு பின்னால் வரும். முதலில் டிபன் பாக்ஸ்.

எறிந்தவள் என் மகள் இளமதி. பதினாறு வயது, ப்ளஸ் ஒன். அன்று காலை பாக்ஸின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு தடவை அழுத்தினாள். இரண்டு தடவை அழுத்தினாள். அப்புறம் பாக்ஸ் சுவரில் இருந்தது, சாதம் காலண்டரில் இருந்தது, அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நான் ஸ்கூலுக்குப் போகல. இனிமே எப்பவுமே போகல."

புத்தியுள்ள அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"போகாட்டி போ. வீட்டோட நின்னுக்க!"

சொல்லி முடித்ததும் எனக்கே என் பழைய கதை ஞாபகம் வந்தது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஏன் நின்றேன் என்று மட்டும் எழுதியதில்லை. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள், திடீர் திடீரென்று வகுப்பில் அழ ஆரம்பித்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. "யார் கண்ணோ பட்டுடுச்சு, படிச்ச வரைக்கும் போதும்" என்றார் என் அம்மா. அதே அம்மாவின் குரல் இப்போது என் வாயிலிருந்து வருகிறது...

இளமதி அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

கவலைப்படுவதற்கு ஒரு பரீட்சை வைத்தால் நான்தான் மாவட்ட முதலிடம். அந்த மூன்று மாதமாகவே எனக்கு ஒரே சந்தேகம். நன்றாக இருக்கிற பெண், இடையிடையே ஏன் இப்படி எரிந்து விழுகிறாள்? காதலா? முதல் நாள்தான் அவள் பையை யாருக்கும் தெரியாமல் சோதித்திருந்தேன். பாதி தின்ற கடலை மிட்டாய், ஒடிந்த காம்பஸ், யாரோ ஒரு தோழியின் கிளிப். கடிதம் எதுவும் இல்லை. நிம்மதி வந்ததா? இல்லை. எங்கே ஒளித்து வைத்திருக்கிறாளோ என்று அதற்கும் கவலைப்பட்டேன்.

பாக்ஸ் விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வந்துவிட்டார்.

"நெலமே நிக்குமா போகுமான்னு தெரியாம கெடக்கோம். இதுல இவ வேற ஆடுறாளா? எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். கும்பகோணத்துல சொந்தமா பாத்திரக் கடை. பதினெட்டு முடியட்டும், இப்பவே பேசி வெச்சுக்க."

நிலம் என்று அக்கா சொன்னது எங்கள் ஊர்க் கதை. வயல் வழியாக எண்ணெய்க் குழாய் பதிக்கப்போகிறோம் என்று அளவுக்கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் பாதி நாள் வயலில், பாதி நாள் தாலுகா ஆபீஸ் வாசலில். கையில் எப்போதும் பட்டா நகல் வைத்த மஞ்சள் பை.

உண்மையைச் சொல்கிறேன். அன்று பகல் முழுக்க அந்தப் பாத்திரக் கடை என் மண்டைக்குள் திறந்தே இருந்தது. அவர் வந்ததும், படிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டுவிட வேண்டும்...

சாயங்காலம் அவர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கொல்லையில் மாடு கத்தியது. காலையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. தீனியும் தொடவில்லை. அவர் நேராகக் காலண்டரிடம் போனார், ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் துடைத்தார், எண்ணினார்.

"இருபத்தோரு நாளு. கரெக்டா பருவத்துக்கு வந்திருக்கு. சினை ஊசிக்கு மாட்டு டாக்டர்கிட்ட சொல்லணும்." பென்சிலால் ஒரு டிக் போட்டார். "இந்தா பாரு, இன்னைக்கு அதை யாரும் அதட்டாதீங்க. பால் கொறஞ்சா கொறையட்டும். அது என்னா பண்ணும் பாவம், ஒடம்பு அப்படி."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. காலையிலிருந்து பேசாத குரல்.

"மாட்டுக்கு மட்டும் தேதி பாருங்க. நான் அழுதா மட்டும் வரன் பாருங்க."

அவர் பென்சிலைப் பிடித்தபடி நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"யாரு வரன் பாக்குறது?" என்றார். நான் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன் – காலையில் உட்கார்ந்திருக்க வேண்டிய இடம்.

"நீ என் பையைத் தேடினதும் எனக்குத் தெரியும்" என்றாள். "ஜிப்பை முழுசா மூட மறந்துட்ட."

"தப்புதான்டி."

"அதாம்மா கோவம். காலைல மூடி மேலயா எனக்குக் கோவம்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இவ்ளோ கோவம் எங்கேருந்து வருதுன்னு எனக்கே தெரியல. பயமா இருக்கு. நாலு நாளு கழிச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல."

நாலு நாளு. எழுந்து காலண்டரைப் பிரித்தேன். எனக்கு ஒரு பழக்கம்: கவலை வந்தால் அந்தத் தேதியில் கிறுக்கி வைப்பேன். போன மாதத் தாளில், 'இளா – நாகூர் போய் மந்திரிக்கணும்.' அதற்கு முந்தின மாதம், 'இளா சாப்பிடலை. ஏன்?' ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நாள் கழித்து அவளுக்கு மாதவிலக்கு வந்திருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தடவை கோயில் திருவிழாவுக்கு வர முடியவில்லை என்று புலம்பினாள், இன்னொரு தடவை அத்தை வீட்டுப் பயணம் நின்றது.

மாட்டுக்கு டிக் போட்ட அதே தாள்கள்தான். எத்தனை தடவை பார்த்திருப்போம்! பெண்ணை மட்டும் படிக்கவில்லை. என் ஒன்பதாம் வகுப்பில் என்னையும் யாரும் படிக்கவில்லை. நான் உட்பட.

மறுநாள் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் இருவரும் போனோம். "இந்த வயசுல நெறைய பிள்ளைங்களுக்கு இருக்குறதுதான். ஹார்மோன் ஏறி எறங்குற நாளுங்க" என்றார். நேரத்துக்குத் தூங்கச் சொன்னார், சாயங்காலம் கொஞ்சம் நடக்கச் சொன்னார், காபியைக் குறைக்கச் சொன்னார். தொடர்ந்து பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு இருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேசினாலோ, ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "முக்கியமா, சண்டைக்கு நடுவுல 'உனக்கு அந்த நாளா'ன்னு மட்டும் கேட்டுடாதீங்க."

ஏன் கேட்கக் கூடாது? வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குப் புரிந்தது. தேதி கோபத்தைப் பெரிசாக்கும். காரணத்தை உண்டாக்காது. பையைத் தேடியவள் நான்தானே?

"சரி, நின்னுக்கன்னு சொன்னேன்ல, அதை வாபஸ் வாங்கிட்டேன்" என்றேன் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது.

"வாயால சொன்னா செல்லாது. எழுதிக் குடு" என்றாள். நிலத்துக்காக அவள் அப்பா தாலுகா ஆபீஸில் தினமும் கேட்கிற அதே வரி! அவர் சிரித்துவிட்டார். "கேக்குறதுல தப்பில்ல பாப்பா. எனக்குத்தான் குடுக்க மாட்டேங்குறாங்க, ஒனக்காச்சும் கெடைக்கட்டும்."

காலண்டர் ஓரத்தில் எழுதினேன்: 'இளமதியின் படிப்பு எக்காரணம் கொண்டும் நிறுத்தப்படாது.' கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்து அவர் போட்டார். அடுத்த திங்கட்கிழமை அவளே சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். சரோஜா அக்காவிடம் பாத்திரக் கடையை மூடச் சொல்லிவிட்டேன்.

மூடி பொருந்தாத அந்தப் பாக்ஸையும் மாற்றியாயிற்று.

இந்த மாதம் அந்த நாட்கள் வந்தன. மூன்று நாள் முன்னாலேயே அவளே ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் கேட்காமல் அவளுக்குப் பிடித்த வேர்க்கடலை வாங்கி வந்து மேஜையில் வைத்தார். ஒரு தடவை கதவு பலமாகச் சாத்தப்பட்டது. ஒரு அழுகை. அரை மணி நேரம் கழித்து அவளே வந்து, "இப்ப பரவால்லம்மா" என்றாள். எதுவும் பறக்கவில்லை.

குழாய் வருமா வராதா, இன்னும் தெரியவில்லை. ஆனால் எங்கள் காலண்டரில் இப்போது மாட்டுக்கு டிக், மகளுக்குப் புள்ளி. நேற்று பார்த்தால் புதிதாக ஒரு பெருக்கல் குறி. என்னடி இது என்று கேட்டேன்.

"நீ கவலைப்படுற நாளும்மா" என்றாள்.

முப்பது கட்டத்திலும் போட்டிருக்கிறாள்.