நாலு கோல் அடித்த விங்கர்

வென்ட்வேர்த்வில் கால்பந்து மைதானத்தில் இன்றைக்கு நான், மகள், மடக்குக் கதிரையில் அப்பா. மகள் காலுக்குத் தைலம் பூசினாள். அந்த மணத்தோடு எனக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது.

எங்களுடைய கோச் லென்னிடம் எப்போதும் அந்த மணம்தான். இங்கிலாந்தில் சின்னக் கிளப்புகளில் விங்கராக ஓரத்தால் ஓடியவர். இருப்புக்கொள்ளாத மனிசன். நாங்கள் ஆடும்போது கோட்டுக்கு வெளியே கூடவே ஓடுவார்.

"சனிக்கிழமை டியூசன். பந்து இனி வேண்டாம்" என்று அப்பா மறித்துவிட்டார். அதைப் பேசத்தான் கோச் எங்கள் வீட்டுக் குசினிக்கு வந்தார். கதிரையில் இருந்தும் அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"எத்தனை வருசம் ஆடினவர், எத்தனை கோல் அடிச்சவர் எண்டு கேள்" என்றார் அப்பா. ஆங்கிலத்தில் மாற்றிக் கேட்டேன்.

"ஒன்பது வருசம். நாலு கோல்."

"நாலோ! உவரோ உனக்குப் பழக்கிறார்?"

அதையும் சொன்னேன். கோச் சிரித்தார். "நான் ஓடிப்போய்ப் பந்தைக் குடுப்பன். அடிக்கிறது மற்றவன்."

அப்பா பேக்கரியில் இரண்டு ஷிஃப்ட் நின்று ஊரில் தன் தம்பிமாரைப் படிப்பித்த காலம் அது. கோச்சின் பக்கம் திரும்பினார்.

"என்ர வேலையும் அதுதான்" என்றார். "சரி, விளையாடட்டும்."

இன்றைக்கு மகள் ஓரத்தால் ஓட, நானும் கோட்டோரம் ஓடினேன்.

"ஒரு இடத்தில நில்லன் பிள்ளை" என்று அப்பா கத்தினார். மேட்ச் முடிந்து வந்தேன். விரல்களை மடித்தபடி இருந்தார்.

"எத்தனை கோல் அப்பா?"

"கோல் ஆர் எண்ணினது? இவள் குடுத்ததை எண்ணினனான். மூண்டு."